புற்றரைகளில் களைநாசினி தெளித்தலும் அடையாளச் சாயத்தின் பயன்பாடும்

(விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் – க.பொ.த. சாதாரண தரம் – களைக்கட்டுப்பாடு: மேலதிக வாசிப்பு)

களைக்கட்டுப்பாடு என்றதும் மாணவர்கள் அநேகமாக நெல்வயலையும் வெங்காயத் தறையையுமே நினைத்துக்கொள்கின்றனர். "பயிருடன் நீர், போசணை, ஒளி, இடம் என்பவற்றுக்காகப் போட்டியிடும் தேவையற்ற தாவரம் களை எனப்படும்" என்று மனனம் செய்து எழுதினால் வரைவிலக்கணத்துக்குரிய புள்ளி கிடைத்துவிடும். ஆனால் பயிரே புல்லாக இருக்கும் ஓர் இடத்தில் எது களை என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. விளையாட்டு மைதானம், பூங்கா, விடுதிகளின் முற்றம், கொல்ஃப் திடல் ஆகியவற்றில் வளர்க்கப்படும் புற்றரையில் புல்லே பயிர். அங்கே நெருஞ்சியும் தொட்டாற்சிணுங்கியும் அம்மான் பச்சரிசியும் கோரையும் களைகள். வெறுங்காலுடன் மைதானத்தில் ஓடி நெருஞ்சி முள் குத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தக் களைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். புல்வகை, கோரைவகை, அகன்ற இலைக் களை என்பவையே அவை. நெருஞ்சியும் தொட்டாற்சிணுங்கியும் அகன்ற இலைக் களைகள்; இருவித்திலைத் தாவரங்கள். புற்றரைப் புல் ஒருவித்திலைத் தாவரம். இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் 2,4-டீ, எம்.சீ.பீ.ஏ. போன்ற தேர்வுக்குரிய களைநாசினிகள் புல்லுக்குப் பெரிய பாதிப்பின்றி அகன்ற இலைக் களைகளை அழிக்கின்றன. கோரை புல்லைப்போலத் தோன்றினாலும் புல் அன்று. அதன் முக்கோண வடிவத் தண்டை விரல்களிடையே உருட்டிப் பார்த்தால் தெரியும். மண்ணின் கீழே கிழங்குகள் இருப்பதனால் மேலே வெட்டினாலும் மீண்டும் முளைக்கும். கிளைபொசேற் போன்ற தேர்வற்ற களைநாசினியைப் புற்றரை முழுவதற்கும் தெளித்தால் களையும் போகும், புற்றரையும் போகும்.

தெளித்த இடம் ஏன் தெரிவதில்லை?

இந்த வாசிப்பின் மையமான வினா இதுதான். களைநாசினிக் கரைசல் பெரும்பாலும் நிறமற்றது அல்லது மிக மங்கலான நிறமுடையது. பச்சைப் புல்லின்மேல் விழுந்து சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். அதன் விளைவோ உடனே தெரிவதில்லை. 2,4-டீ தாவரத்தின் வளர்ச்சி ஓமோனாகிய ஒட்சினைப் போலத் தொழிற்படுகின்றது. தண்டு முறுகி, இலை சுருண்டு, தாவரம் சில நாட்களிலிருந்து சில வாரங்களுள் இறக்கின்றது. கிளைபொசேற் தாவரத்தினுள் இடம்பெயர்ந்து அமினோவமிலத் தொகுப்புக்குரிய ஒரு நொதியத்தைத் தடுக்கின்றது. மஞ்சளாதல் வெளிப்பட ஒரு வாரமளவில் செல்லும்.

இப்போது தெளிப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நெல்வயலில் வரம்பு உண்டு; தோட்டத்தில் பாத்தி உண்டு, வாய்க்கால் உண்டு. "இந்தப் பாத்தி முடிந்தது, அடுத்தது அது" என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பரந்த புற்றரையில் இவை ஒன்றும் இல்லை. முதுகில் தெளிகருவியுடன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருபவருக்கு முதல் தடவை எந்தக் கோட்டில் நடந்தேன் என்பது தெரியாது. தாங்கியை நிரப்பப் போய் வந்தாலோ நிலைமை இன்னும் மோசம்; எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். இதனால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று மேற்படிதல், அதாவது தெளித்த இடத்திலேயே மீண்டும் தெளித்தல். மற்றது விடுபடுதல், அதாவது இரு தடங்களுக்கு இடையில் தெளிக்கப்படாத பட்டி ஒன்று எஞ்சுதல். தவறு நடந்ததென்பதைத் தெளித்த அன்று யாரும் அறியமாட்டார்கள். பத்து நாட்கள் கழித்து மைதானத்தில் பச்சைப் பட்டியும் கருகிய பட்டியும் மாறிமாறித் தோன்றும்போதே அது தெரியவரும். அதற்குள் விடுபட்ட பட்டியிலுள்ள களை பூத்து வித்திட்டும் இருக்கலாம்.

அடையாளச் சாயம்

இக்குறையை நீக்குவதற்காகக் களைநாசினிக் கரைசலுடன் சேர்க்கப்படும் நீரிற் கரையும் நிறப்பொருளே அடையாளச் சாயம் ஆகும். ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கொல்ஃப் திடல்கள், பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவற்றைப் பராமரிப்போர் இதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகின்றனர். திரவமாகவும் தூளாகவும், தாங்கியில் அப்படியே இடக்கூடிய நீரிற் கரையும் பைகளாகவும் இது விற்கப்படுகின்றது.

பெரும்பாலும் நீல நிறமே தெரிவுசெய்யப்படுகின்றது. பச்சையின்மேல் நீலம் எளிதில் வேறுபட்டுத் தெரியும். அதேவேளை பொதுமக்கள் நடமாடும் பூங்காவில் சிவப்பைப்போல அச்சமூட்டுவதும் இல்லை. காட்டு மரங்களுக்கிடையே தெளிப்பது போன்ற வேலைகளில் சிவப்புச் சாயமும் பயன்படுவதுண்டு. நீலச் சாயங்கள் பலவற்றில் உள்ள நிறப்பொருள் "அசிட் புளூ 9" எனப்படும். இனிப்புப் பண்டங்களிலும் மென்பானங்களிலும் ஈ133 என்ற இலக்கத்துடன் சேர்க்கப்படும் நீல நிறமூட்டியும் இதே நிறப்பொருளின் உணவுத் தரத்திலான வடிவமே. இதைக் கேட்டவுடன் "அப்படியென்றால் ஆபத்தில்லைத்தானே" என்று முடிவுகட்ட வேண்டாம். சாயம் கலந்திருப்பது களைநாசினிக் கரைசலில். அங்கே ஆபத்தைத் தீர்மானிப்பது களைநாசினியேயன்றிச் சாயம் அன்று.

சாயம் களையைக் கொல்வதில்லை. களைநாசினியின் வீரியத்தைக் கூட்டுவதும் இல்லை. பல்தேர்வு வினாவில் "சாயம் சேர்ப்பதன் நோக்கம்" என்று கேட்டு, "களைநாசினி இலையில் ஒட்டிக்கொள்ளச் செய்தல்" என்று ஒரு விடையைத் தந்தால் பலர் அதில் விழுந்துவிடுவார்கள். ஒட்டச்செய்யவும் பரவச்செய்யவும் சேர்க்கப்படுபவை வேறு துணைப்பொருட்கள். சாயத்தின் வேலை காட்டிக்கொடுப்பது மட்டுமே. அது எதையெல்லாம் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் சுவையான விடயம். தெளித்த தடத்தைக் காட்டும். விடுபட்ட பட்டியைக் காட்டும். தெளிமுனை ஒருபக்கமாக அடைபட்டிருந்தால் தடத்தின் ஒரு பக்கம் மங்கலாகத் தெரியும். காற்றினால் துளிகள் அள்ளுண்டு பூப்பாத்திக்குப் போனால் பூவிதழ் நீலமாகிக் காட்டும். தாங்கியின் மூடியிலிருந்தோ குழாய் மூட்டிலிருந்தோ ஒழுகினால் தெளிப்பவரின் சேட்டின் முதுகுப்பக்கம் காட்டும். கையுறையைக் கழற்றிய பின்னர் விரல்களில் நீலம் இருந்தால், கையுறை பொத்தலானது அல்லது கழற்றிய முறை தவறானது என்று பொருள். நிறமற்ற கரைசல் கையில் பட்டிருந்தால் அவர் அதே கையால் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்திருப்பார். என்னைக் கேட்டால், சாயத்தின் ஆகப் பெரிய பயன் புற்றரையின் அழகைக் காப்பது அன்று. தெளிப்பவரின் தோலைக் காப்பதே.

கணக்கின் மூலம் விளங்கிக்கொள்வோம்

விவசாயப் பாடத்தில் கணக்கு வந்தால் வினாவையே தவிர்க்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. இக்கணக்குக்குப் பெருக்கலும் பிரித்தலும் போதும்.

தெளிகருவியில் வெறும் நீரை நிரப்பி, ஒரு நிமிடத்தில் தெளிமுனையிலிருந்து வெளியேறும் நீரை அளவுச்சாடியில் சேகரிக்கிறோம். 0.8 லீற்றர் கிடைக்கிறது எனக் கொள்வோம். அடுத்து, தெளிப்பவர் வழமையான வேகத்தில் நடக்கிறார். 30 செக்கனில் 20 மீற்றர் தூரம். ஆகவே ஒரு நிமிடத்தில் 40 மீற்றர். தெளிப்பின் அகலம் 1 மீற்றர்.

ஒரு நிமிடத்தில் தெளிக்கப்படும் பரப்பளவு = 40 × 1 = 40 சதுர மீற்றர்.
ஒரு சதுர மீற்றருக்கு விழும் கரைசல் = 0.8 ÷ 40 = 0.02 லீற்றர்.
ஒரு ஹெக்டெயருக்கு (10,000 சதுர மீற்றர்) = 0.02 × 10,000 = 200 லீற்றர்.
16 லீற்றர் தாங்கி ஒன்றினால் தெளிக்கக்கூடிய பரப்பளவு = 16 ÷ 0.02 = 800 சதுர மீற்றர்.

மைதானத்தின் பரப்பளவு 60 மீற்றர் × 40 மீற்றர் = 2,400 சதுர மீற்றர் என்றால் மூன்று தாங்கி தேவை. களைநாசினியின் சிபாரிசு அளவு ஹெக்டெயருக்கு 2 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 0.24 ஹெக்டெயருக்கு 480 மில்லிலீற்றர். தாங்கி ஒன்றுக்கு 160 மில்லிலீற்றர். (இவை கணக்குக்காக எடுத்த அளவுகள். உண்மையில் பயன்படுத்தும்போது குறித்த போத்தலின் சுட்டுத்துண்டில் உள்ள அளவே அளவு.)

இனி, சாயம் இல்லாமையால் அவர் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முன்னைய தடத்தின்மீது 25 சென்ரிமீற்றர் ஏறித் தெளிக்கிறார் எனக் கொள்வோம். இப்போது ஒவ்வொரு தடத்தினாலும் புதிதாகத் தெளிக்கப்படும் அகலம் 0.75 மீற்றர் மட்டுமே. தாங்கி ஒன்று 800 சதுர மீற்றருக்குப் பதிலாக 600 சதுர மீற்றருக்கே போதும். மூன்று தாங்கியில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு தாங்கி வேண்டும். களைநாசினி 480 மில்லிலீற்றருக்குப் பதிலாக 640 மில்லிலீற்றர் செலவாகும். மூன்றில் ஒரு பங்கு அதிகம். அந்த மேலதிகம் மைதானம் முழுவதும் சமமாகப் பரவுவதும் இல்லை. 25 சென்ரிமீற்றர் பட்டிகளில் மட்டும் இரட்டிப்பு அளவு விழுகிறது. தேர்வுக்குரிய களைநாசினி புல்லைப் பாதிக்காது என்பது சிபாரிசு செய்யப்பட்ட அளவுக்கே பொருந்தும்; இரட்டிப்பு அளவில் புல்லும் மஞ்சளாகலாம்.

மறுபுறமாக, அவர் 25 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நடந்தால் ஒவ்வொரு 1.25 மீற்றரிலும் 0.25 மீற்றர் தெளிபடாமல் விடும். ஐந்தில் ஒரு பங்கு. 2,400 சதுர மீற்றரில் 480 சதுர மீற்றர். செலவு குறைந்ததுபோல் தோன்றினாலும், திரும்பவும் ஒருமுறை தெளிக்க வேண்டிவரும்.

இங்கே ஒரு சிறு நுணுக்கம். விசிறி வடிவில் தெளிக்கும் முனைகளில் நடுவில் விழும் அளவை விட ஓரங்களில் விழும் அளவு குறைவு. எனவே ஓரங்கள் ஓரளவு ஒன்றன்மீது ஒன்று படிய வேண்டும் என்றே அந்த முனைகள் அமைக்கப்பட்டுள்ளன. மேலே நாம் எடுத்த 1 மீற்றர் என்பது அந்த ஓரப்படிவையும் கணக்கில் கொண்ட பயன்தரு அகலம் என்று கொள்க. மேற்படிதலே கூடாது என்று விடையில் எழுதிவிடாதீர்கள். "தேவைக்கு மேற்பட்ட மேற்படிதல்" என்று எழுதுங்கள்.

பயன்படுத்தும் முறை

முதலில் தாங்கியின் பாதியளவு சுத்தமான நீர். பின்பு அளந்த களைநாசினி. அதன்பின் சாயம். நன்கு கலக்கி, மீதி நீரை நிரப்ப வேண்டும். சாயத்தின் அளவு அதன் சுட்டுத்துண்டில் இருக்கும். புல் உயரமாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். சிறு சாயம் பெரிய இடத்தைக் கறையாக்கும் என்பதால் கலக்கும்போதும் கையுறை அவசியம். சீமெந்து நடைபாதை, வெள்ளைச் சுவர், கல்லறை, சிலைப் பீடம் போன்றவற்றின் அருகே மிக அவதானமாகத் தெளிக்க வேண்டும். வெள்ளைச் சீருடையுடன் வேடிக்கை பார்க்கப் போவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

புல்லின்மேல் படிந்த நிறம் சூரியவொளியினாலும் மழையினாலும் நீர்ப்பாசனத்தினாலும் புல் வெட்டுதலினாலும் மறையும். நிலைமைக்கேற்ப அதற்குச் சில மணித்தியாலங்களிலிருந்து இரண்டொரு நாட்கள் வரை செல்லும். மாணவர்கள் பலமுறை தடுமாறும் இடம் இது. நிறம் மறைந்தால் களைநாசினியும் மறைந்துவிட்டது என்பது தவறு. நிறம் இருக்கும்வரை இலையில் நச்சு இருக்கும் என்பதும் சரியான அளவுகோல் அன்று. சாயம் மறைவதும் களைநாசினி சிதைவடைவதும் இரு வேறு நிகழ்வுகள். இரண்டுக்கும் வேகம் வேறு. மைதானத்துக்குள் மீண்டும் பிள்ளைகளை எப்போது விடலாம் என்பதைச் சொல்வது களைநாசினியின் சுட்டுத்துண்டு. நீல நிறம் அதைச் சொல்லாது.

நிறங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

களைநாசினி தொடர்பாக நிறம் மூன்று வெவ்வேறு தேவைகளுக்காக வருகிறது. ஒன்று, நாம் இதுவரை பார்த்த அடையாளச் சாயம், தெளிப்பவரே சேர்ப்பது. இரண்டாவது, உற்பத்தியாளரே எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் நிறம். பரகுவாற் என்னும் தொடுகைக் களைநாசினி இதற்குச் சிறந்த உதாரணம். அதன் செறிந்த திரவம் கோப்பியையோ கோலாவையோ ஒத்த கபில நிறமாக இருந்தமையால், வேறு போத்தல்களில் ஊற்றி வைக்கப்பட்டதைப் பானம் என எண்ணிக் குடித்து இறந்தவர்கள் உலகின் பல இடங்களிலும் இருந்தனர். ஆகவே அதற்கு நீலப்பச்சைச் சாயம், துர்நாற்றம் தரும் பொருள், வாந்தியெடுக்கச் செய்யும் பொருள் ஆகிய மூன்றும் சேர்க்கப்பட்டன. அப்படிச் செய்தும் நச்சுத்தன்மை நச்சுத்தன்மையே. இலங்கையில் பரகுவாற் 2008 முதல் 2011 வரையான காலப்பகுதியில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது.

மூன்றாவது, சுட்டுத்துண்டின் அடியில் உள்ள நிறப்பட்டி. உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டலின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சுத்தன்மை குறைந்து செல்கின்றது. இந்த நீலப்பட்டிக்கும் நீலச் சாயத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். மிஞ்சிய நீலக் கரைசலைச் சோடாப் போத்தலில் ஊற்றி மூலையில் வைத்தால், ஒரு சிறு பிள்ளையின் கண்ணுக்கு அது இனிப்புப் பானமாகவே தெரியும். நிறமற்றதாக இருந்ததைவிட ஆபத்து அதிகம். மிஞ்சாதபடி அளந்து கலப்பதும், மூலப் போத்தலைத் தவிர வேறெதிலும் வைக்காமல் பூட்டி வைப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. நம் பேச்சு வழக்கில் இவையெல்லாம் "மருந்து". "மருந்தடிக்கப் போறன்" என்கிறோம். விடைத்தாளில் களைநாசினி என்றே எழுதுங்கள்.

சட்டம் பற்றிய வினாவுக்கு: இலங்கையில் பீடைகொல்லிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்படுகின்றன. கிளைபொசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர் செய்கைகளுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022 இல் இறக்குமதித் தடை நீக்கப்பட்டது. பழைய பயிற்சிப் புத்தகங்களில் இதற்கு மாறான விடைகள் இருக்கும். ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் சிக்கல் இல்லை.

சாயம் இல்லாத இடத்தில்

நூலும் முளையும் போதும். மைதானத்தின் இரு முனைகளிலும் தெளிப்பு அகல இடைவெளியில் முளைகளை அடித்து நூல் கட்டி, தடத்துக்குத் தடம் நூலை நகர்த்தலாம். சிறு கொடிகளையும் நடலாம். உழவு இயந்திரத்தில் பூட்டிய நீண்ட தெளிகோல்களில் முனையிலிருந்து நுரைக் கட்டிகளை விழுத்தி அடையாளமிடும் முறை உண்டு. செய்மதி வழிகாட்டலும் இப்போது உண்டு. அதிகாலைப் பனியில் நடந்த தடம் தெரியுமே என்று சிலர் கேட்பர். தெரியும்தான். ஆனால் ஈரமான இலையில் விழும் கரைசல் ஐதாகி வழிந்துவிடும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், இரசாயனம் எதற்கும் பயன்படாத புதிய கைத்தெளிப்பான் ஒன்றில் நீருடன் சில துளி நீல உணவு நிறமூட்டியைச் சேர்த்து, நிலத்தில் விரித்த பழைய தினசரித் தாள்களின்மேல் தெளித்துக்கொண்டு நடந்து பாருங்கள். நேராகத்தான் நடந்தேன் என்று நினைத்தவர் எவ்வளவு கோணலாக நடந்திருக்கிறார் என்பது தாளில் இருக்கும்.

மாதிரி வினா

பூங்கா ஒன்றின் புற்றரைக்கு அகன்ற இலைக் களைகளைக் கட்டுப்படுத்தும் களைநாசினி நீலச் சாயத்துடன் தெளிக்கப்பட்டது.

(அ) சாயம் சேர்ப்பதால் தெளிப்பவர் அடையும் நன்மைகள் இரண்டு தருக.
(ஆ) தெளித்து முடிந்ததும் இரு தடங்களுக்கிடையே நீலம் படியாத பட்டி காணப்பட்டது. அவர் என்ன செய்ய வேண்டும்?
(இ) மறுநாள் பெய்த மழையால் நீலம் முற்றாக மறைந்தது. "இனிப் பிள்ளைகள் விளையாடலாம்" என்று காவலாளி கூறினார். இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.

விடைக் குறிப்பு: (அ) தேவைக்கு மேற்பட்ட மேற்படிதலையும் விடுபடுதலையும் தவிர்க்கலாம்; உடலிலோ உடையிலோ கரைசல் பட்டதை உடனே கண்டு கழுவலாம். "களை விரைவில் இறக்கும்" என்று எழுதினால் புள்ளி இல்லை. (ஆ) அப்பட்டிக்கு மட்டும் அதே செறிவில் தெளிக்க வேண்டும். முழு இடத்துக்கும் மீண்டும் தெளிக்கக் கூடாது. (இ) ஏற்கமுடியாது. நீலம் மறைந்தது சாயம் கழுவப்பட்டதனால். களைநாசினி நீங்கியதை அது காட்டாது. மீள உட்செல்லும் காலத்தைச் சுட்டுத்துண்டில் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தெளித்து அதிக நேரம் செல்லுமுன் மழை பெய்திருந்தால் களைநாசினியும் கழுவப்பட்டு வடிகாலுக்குச் சென்றிருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுபவருக்கு முழுப்புள்ளி வழங்கலாம்.